மங்கிய ஹெட்லைட்டுக்கு எது மருந்து: பல்பா, வயரிங்கா, கண்ணாடியா, எல்இடியா?

பழைய கார் ஓட்டுபவர்களுக்கு இருட்டத் தொடங்கியதுமே ஒரு தயக்கம் வந்துவிடும். ஹெட்லைட் எரிகிறது, ஆனால் சாலை தெரியவில்லை. எதிரே ஒரு வண்டி வந்து கடந்துபோனதும் சில நொடிகளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே எதையோ பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அப்புறம் காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 35 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 57 மீட்டர் தூரமாவது கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். விளக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை என்றால் நாம் பார்க்காத சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

இதற்குத் தீர்வு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். புது பல்ப் போடு, வாட் கூடின பல்ப் போடு, ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வை, ஹெட்லைட் கண்ணாடியைத் தேய், எல்இடிக்கு மாறிவிடு. இவற்றில் எதுவுமே முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காருக்குச் சரியான பதில். பேட்டரியில் தொடங்கி சாலையில் விழும்வரை வெளிச்சம் பல இடங்களில் கசியும்: பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரில், ஸ்விட்சில், வயரில், கரண்ட் காரின் பாடி வழியாகத் திரும்பும் எர்த்தில், பல்பில், பல்புக்குப் பின்னால் ரசம் பூசிய ரிஃப்ளெக்டரில், ஹெட்லைட்டின் முன்பக்கக் கண்ணாடியில், கடைசியாக விளக்கு பார்க்கும் திசையில். உங்கள் காரில் எங்கே கசிகிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும், அது ஓட்டைக் குடத்தை மாற்றாமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றும் வேலை.

என் காருக்கு 22 வயது. முதலில் நான் பல்பைத்தான் மாற்றினேன். ஒரு வாரம் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றியது. உண்மையில் ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் முறை மாற்றப் போனபோது கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் பழைய பல்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்ப்ல கோளாறு இல்லை சார். பல்ப் வரைக்கும் கரண்ட் வந்து சேரலை." அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

கண்ணே முதல் கருவி

மீட்டர் எடுப்பதற்கு முன்னால், இருட்டில் ஒரு சுவருக்கு முன் காரை நிறுத்திப் பாருங்கள். வெளிச்சத்தின் நிறமே பாதி கதையைச் சொல்லிவிடும். மின்னழுத்தம் குறைந்தால் ஹாலோஜன் இழை முழுச் சூட்டுக்கு வராது. அதனால் வெளிச்சம் செம்மஞ்சளாக, அடுப்பில் தணல் போல விழும். நிறம் சரியாக இருக்கிறது, ஆனால் சோகையாகப் பரந்து கிடக்கிறது என்றால் கண்ணாடியோ ரிஃப்ளெக்டரோ கெட்டிருக்கிறது. வெளிச்சம் பலமாகவே இருக்கிறது, ஆனால் பம்பருக்குச் சற்று முன்னாலேயே விழுந்துவிடுகிறது என்றால் ஃபோகஸ் கீழே இறங்கியிருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் மங்கலா, இரண்டு பக்கமுமா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து பல்ப், கப்ளர் (பல்பில் செருகும் வயர் இணைப்பு), எர்த் ஆகிய மூன்றில் ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கியிருந்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு, அதாவது சார்ஜிங்கில் அல்லது ஸ்விட்சில். இரண்டு கண்ணாடிகளும் ஒரே வயது என்பதால் அவை சேர்ந்து மங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது மங்கி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் பிரகாசமாகிறதா? சார்ஜிங்கைப் பாருங்கள். இண்டிகேட்டர் விட்டு விட்டு எரியும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கிறதா? இரண்டுக்கும் பொதுவான எர்த் பழுது. லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் ஒரே பல்பில் இரண்டு இழைகள் கொண்ட எச்4 பல்ப் உள்ள கார்களில் இன்னொரு விநோதமும் உண்டு. ஒரு பக்க எர்த் முழுதாக விட்டுப்போனால் கரண்ட் அந்த பல்பின் இன்னொரு இழை வழியாகச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் எர்த் தேடும். அப்போது லோ பீம் போட்டிருக்கும்போதே டேஷ்போர்டில் ஹை பீம் நீல விளக்கு லேசாக மினுங்கும். பேய் பிடித்தது போலத் தோன்றும் இந்தக் கோளாறைப் பெரும்பாலும் ஒரு போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து மாட்டினாலே சரிசெய்துவிடலாம்.

மீட்டர் வைத்து அளப்பது

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் நல்லது. அடுத்து பல்பின் கப்ளரில் அளக்க வேண்டும். இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். கப்ளரை பல்பிலிருந்து பிடுங்கி, வெறும் கப்ளரில் அளந்தால் மீட்டர் முழு வோல்ட் காட்டும், 'வயரிங் நன்றாகத்தான் இருக்கிறது' என்று ஏமாற்றிவிடும். கரண்ட் ஓடாத வயரில் இழப்பும் இருக்காது. பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது, கப்ளரின் பின்பக்கமாக மீட்டரின் ஊசியைச் செருகி அளந்தால்தான் உண்மை தெரியும். கை, துணி, வயர் எதுவும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் காரில் பேட்டரியில் 14.1 வோல்ட். பல்பில் 11.6. நடுவில் இரண்டரை வோல்ட் காணவில்லை.

இரண்டரை வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலோஜன் பல்ப் மின்னழுத்தத்தைப் பொறுத்துச் சீராகக் குறைவதில்லை, வேகமாகச் சரிகிறது. வோல்ட்டின் விகிதத்தை ஏறத்தாழ 3.4 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வெளிச்சத்தின் விகிதம் கிடைக்கும். எச்4 பல்பின் வெளிச்சத்தை ஐரோப்பிய விதிமுறையில் 13.2 வோல்ட்டில் அளக்கிறார்கள்: லோ பீமில் 1000 லூமென் (வெளிச்சத்தின் அலகு), ஹை பீமில் 1650 லூமென். அந்த பல்புக்கு 12 வோல்ட் மட்டும் போனால் வெளிச்சம் 72 சதவீதம். 11.6-இல் சுமார் 64 சதவீதம். 11-க்கு இறங்கினால் 54 சதவீதம்தான். நான் புதிதாக வாங்கிப் போட்ட பல்ப் முதல் நாளிலிருந்தே மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தை இழந்துதான் எரிந்தது.

இழப்பு எந்தப் பக்கம் என்று பிரிப்பது சுலபம். பேட்டரி பிளஸ்ஸில் ஒரு ஊசி, பல்பின் பிளஸ் முனையில் இன்னொன்று. மீட்டர் காட்டுவது பிளஸ் பக்க இழப்பு. அதேபோல் பேட்டரி மைனஸ், பல்பின் எர்த் முனை. பிளஸ் பக்கம் அரை வோல்ட்டுக்குள், எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங்கைக் குறை சொல்ல வேண்டாம், கண்ணாடியைப் பார்க்கப் போகலாம். என் காரில் எர்த் பக்கம் 0.3, பிளஸ் பக்கம் 2.2.

பேட்டரியிலேயே வோல்ட் குறைவாக இருந்தால்

விளக்கைப் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்த பிறகும் பேட்டரியில் 13.5-ஐத் தாண்டவில்லை என்றால் மற்ற எல்லாத் தேர்வுகளையும் ஒத்திவையுங்கள். பெல்ட் தளர்ந்து வழுக்கலாம், ஆல்டர்நேட்டர் பிரஷ் தேய்ந்திருக்கலாம், பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கலாம். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை இற்றுப்போனாலும் இதே அறிகுறிதான். இதைச் சரிசெய்யாமல் ரிலேயோ நல்ல பல்போ போடுவது, ஊற்று வற்றிய கிணற்றுக்குப் பெரிய மோட்டார் வைப்பது போல.

வயரிங்: சுத்தம் செய்வதா, ரிலே போடுவதா

இழப்பு வயரிங்கில்தான் என்று மீட்டர் சொல்லிவிட்டால் இரண்டு வழிகள். இருப்பதைச் சுத்தம் செய்வது ஒன்று. ரிலே வைத்துப் புதுப் பாதை போடுவது இன்னொன்று.

சுத்தம் செய்வதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பல்பின் கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பித்தளை முனைகள் பளபளப்பு போய்க் கறுத்திருக்கும், சில கார்களில் பிளாஸ்டிக்கே பழுப்பாக உருகியிருக்கும். உருகியது என்றால் அந்த இடத்தில் சூடு பிறந்திருக்கிறது, அதாவது அங்கே தடை இருக்கிறது. அப்படிப்பட்ட கப்ளரைத் தேய்த்துப் பயனில்லை. வெப்பம் தாங்கும் பீங்கான் கப்ளர் கிடைக்கிறது, அதை மாட்டுவதே சரி. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட் போய் வெறும் இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்த கார்கள் பெரும்பாலும் இந்த அரை மணி வேலையிலேயே தேறிவிடும்.

ரிலே தேவைப்படுவது வேறு விதமான காருக்கு. பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் பேட்டரியிலிருந்து கிளம்பி, ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வரை வந்து, அங்கிருந்து மறுபடி முன்னால் போய் பல்பைச் சேரும். இரண்டு லோ பீமுக்கும் சேர்த்து 9 ஆம்பியர், ஹை பீமுக்கு 10. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்கு 0.0175 ஓம் தடை என்றால், 4 மீட்டர் சுற்றுப்பாதையில் 10 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் வயரிலேயே போய்விடும். அதற்கு மேல் இருபது வருடம் தேய்ந்த ஸ்விட்ச் முனைகள். என் காரில் ஸ்விட்ச் ஒன்றே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கியது. பத்து நிமிடம் விளக்கைப் போட்டுவைத்து, ஸ்டீயரிங் தண்டின் மேல் உறையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. சாலையில் விழ வேண்டிய சக்தி அங்கே சூடாக உட்கார்ந்திருந்தது.

ரிலே போட்டால் பழைய வயருக்கும் ஸ்விட்சுக்கும் ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலை மட்டும்தான். அதற்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் நேராகப் போகும். ரிலேயின் கால்களில் எண்கள் இருக்கும்: 30 பேட்டரி, 87 பல்ப், 86-க்குப் பழைய ஹெட்லைட் வயர், 85 எர்த். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. ஃபியூஸை பேட்டரிக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். ஒரே ஃபியூஸில் இரண்டு பக்கத்தையும் கட்டாதீர்கள். அது போனால் இருட்டில், வளைவில், இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணையும். இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்தால் ஒரு கண்ணாவது மிஞ்சும்.

ரிலே போட்ட பிறகு என் காரில் பல்பில் 13.6 வோல்ட். கணக்குப்படி பழையதைப்போல 1.7 மடங்கு வெளிச்சம், அதே பல்பில்! நிறம் தணலிலிருந்து வெள்ளைக்கு மாறியதைச் சுவரிலேயே பார்த்தேன்.

இரண்டு எச்சரிக்கைகள். சில கார்களில், குறிப்பாகப் பழைய ஜப்பானிய மாடல்கள் சிலவற்றில், பல்புக்கு எப்போதும் பிளஸ் வந்துகொண்டிருக்கும், ஸ்விட்ச் எர்த் பக்கத்தைத்தான் இணைக்கும். அத்தகைய காரில் சாதாரண ரெடிமேட் ரிலே வயரிங் செட் வேலை செய்யாது. வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் காரில் தொழிற்சாலையிலேயே ஹெட்லைட் ரிலே இருக்கலாம். அப்படியானால் இன்னொரு செட் மாட்டுவதால் பெரிதாக ஒன்றும் கூடாது, இருக்கும் ரிலேயின் முனைகளைச் சுத்தம் செய்தாலே போதும்.

பல்ப்: எது லாபம், எது வீண்

வோல்ட் சரியாக வந்து சேர்கிறது என்றால் பல்பைப் பற்றிப் பேசலாம். பழைய பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குழாயின் உட்புறம் கறுத்தோ சாம்பல் பூத்தோ இருந்தால் அதன் காலம் முடிந்தது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புது பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடாகி, பல்ப் சீக்கிரம் போய்விடும்.

எச்4 பல்ப் 1971-இல் வந்தது, 60/55 வாட் என்ற அளவு இன்னும் மாறவில்லை. அந்த அளவிலேயே மூன்று வகை கிடைக்கும். நீண்ட ஆயுள் என்று விற்பவை கொஞ்சம் மங்கலாகத்தான் எரியும். ஆயுளும் வெளிச்சமும் ஒன்றையொன்று தின்னும். '100 சதவீதம் கூடுதல்' போன்ற வாசகங்களோடு வருபவை உண்மையிலேயே நல்லவையாக இருக்கலாம், ஆனால் அந்தக் கூடுதல் சாலையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அளந்தது, மொத்த வெளிச்சம் இரட்டிப்பாவதில்லை. ஆயுளும் குறைவு. இரவில் நிறைய ஓட்டுபவர்களுக்கு அது ஏற்கத்தக்க பேரம். மூன்றாவது வகை நீலப் பூச்சு பூசியவை. வெள்ளையாகத் தெரியும் என்பதற்காக இவற்றை வாங்காதீர்கள். நீலக் கண்ணாடி வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுத்துத்தான் வெள்ளை நிறத்தைக் காட்டுகிறது.

வாட் கூடின 100/90 பல்ப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: பழைய வயரிங்கில் போடவே கூடாது. என் காரின் பழைய வயரிங்கை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 55 வாட் பல்புகளோடு வயரிலும் ஸ்விட்சிலும் சூடாக வீணானது 20 வாட்டுக்குச் சற்று மேல். 90 வாட் பல்புகளைப் போட்டால் இழப்பு 2.5 வோல்ட்டிலிருந்து நாலு வோல்ட்டை நெருங்கும், வீணாகும் சூடு 50 வாட்டைத் தொடும். அந்தச் சூட்டில் கணிசமான பங்கு ஸ்டீயரிங் பக்கத்து பிளாஸ்டிக் ஸ்விட்சுக்குள். பல்புக்கோ 10 வோல்ட் சொச்சம்தான் போய்ச் சேரும், அதனால் சாலையில் கூடும் வெளிச்சம் சொற்பம். ரிலே போட்ட காரிலும் அந்த வெப்பம் ரிஃப்ளெக்டரையும் கப்ளரையும் வாட்டும். பல நாடுகளில் சாலையில் ஓட்ட அனுமதியும் இல்லை.

கண்ணாடியும் ரசமும்

ஹெட்லைட்டின் முன்பக்கத்தை நாம் கண்ணாடி என்று சொன்னாலும், 1980-களுக்குப் பிறகு படிப்படியாகப் பெரும்பாலான கார்களில் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேல்பூச்சைத் தின்று மஞ்சளாக்கும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-இல் வெளியிட்ட சோதனை முடிவில், மோசமாக மங்கிய விளக்குகள் புதியவை தரும் வெளிச்சத்தில் 20 சதவீதம் அளவுக்கே தந்தன. வோல்ட் இழப்பைவிடப் பெரிய இழப்பு இது. எனவே கண்ணாடி மஞ்சளாக இருக்கும் காரில் வயரிங்கைவிட இதுதான் முதல் வேலை.

தேய்த்து மெருகேற்றுவதா, முழு விளக்கையும் மாற்றுவதா? அதே சோதனையில், தேய்த்த விளக்குகள் சுமார் 70 சதவீதம் வெளிச்சம் தந்தன. வேறு கம்பெனிகளின் மாற்று விளக்குகள் 83 முதல் 90 சதவீதம், கார் கம்பெனியின் அசல் விளக்கு 100. இருபதிலிருந்து எழுபதுக்கு வருவது மிகப் பெரிய முன்னேற்றம். செலவை நினைத்தால் முதலில் தேய்த்துப் பார்ப்பதே நியாயம்.

தேய்த்தால் தேறுமா என்று முன்கூட்டியே அறிய ஒரு எளிய வழி உண்டு. கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் உள்ளே பல்பும் ரிஃப்ளெக்டரும் தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்பரப்பில்தான், தேய்த்தால் போய்விடும். நனைந்த பிறகும் புகை மூட்டம்போல் இருந்தால் மங்கல் உட்புறத்தில் இருக்கிறது அல்லது பிளாஸ்டிக்குக்குள்ளேயே மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கின்றன. அப்போது வெளியே எவ்வளவு தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம்.

தேய்ப்பது என்றால் சுற்றியுள்ள பெயிண்ட்டுக்கு டேப் ஒட்டி, வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்து 800, 1000, 2000, 3000 என்று நைஸாக்கிக்கொண்டே போய், கடைசியில் பாலிஷ். 800-இல் தேய்க்கும்போது மஞ்சள் பால்போல் வழியும். அது பழைய பூச்சு. மஞ்சள் நின்று வெள்ளையாக வழியத் தொடங்கியதும் அடுத்த பேப்பருக்குப் போகலாம். பலர் பாலிஷோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் வேலை வீணாகிறது. பழைய பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டோம், இப்போது வெறும் பிளாஸ்டிக் வெயிலில் நிற்கிறது. புற ஊதாக் கதிர் தடுக்கும் கிளியர் கோட் அடிக்காவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள். பற்பசை வைத்துத் தேய்ப்பதும் இதே வகைதான், தற்காலிக மினுமினுப்பு.

ரிஃப்ளெக்டரில் ரசம் உரிந்திருந்தால் பேச்சே இல்லை, விளக்கை மாற்ற வேண்டியதுதான். பல்பைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சாம்பல் திட்டுகளோ உரிந்த செதில்களோ தெரிந்தால் எந்த பல்பும் அதைக் காப்பாற்றாது. துணியால் துடைக்க முயன்றால் மிச்சமிருக்கும் ரசமும் கையோடு வந்துவிடும். மாற்று விளக்கு வாங்கும்போது கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஐ.நா. விதிமுறைப்படி அங்கீகாரம் பெற்றதன் அடையாளம். 7 அங்குல வட்ட விளக்கு உள்ள பழைய கார்க்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். அந்த அளவில் நல்ல எச்4 கண்ணாடி விளக்குகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

எல்இடி பல்ப்

இதைத்தான் இன்று பெரும்பாலோர் முதலில் நினைக்கிறார்கள். கப்ளரைக் கழற்று, எல்இடியைச் செருகு, ஐந்து நிமிட வேலை. காரின் முன்னால் வெள்ளை வெளேரென்று வெளிச்சம் கொட்டும். அதனால் இதை எதிர்த்துப் பேசுவது கடினம், ஆனாலும் பேச வேண்டியிருக்கிறது.

எச்4 பல்பின் லோ பீம் இழை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய சுருள். அதன் அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் மறைப்பாக இருக்கும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சுருள் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடித்தது. எல்இடி பல்பில் சுருளுக்குப் பதில் தட்டைப் பலகையின் இரு பக்கமும் சில்லுகள். வெளிச்சம் கிளம்பும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கற்றை சிதறும். சிதறியதில் ஒரு பங்கு எதிரே வருபவர் கண்ணுக்குப் போகிறது. இன்னொரு பங்கு காரின் மூக்குக்கு முன்னாலேயே விழுகிறது. பக்கத்தில் அதிக வெளிச்சம் இருந்தால் நம் கண்மணி சுருங்கும், தொலைவு முன்பைவிட இருட்டாகும். பிரகாசமாகத் தோன்றும், ஆனால் 57 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மாடு தெரியாது. இதுதான் என் பயம்.

எல்இடிக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அது 20 வாட் அளவிலேயே எரியும், உள்ளிருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று வோல்ட் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். எனவே கெட்ட வயரிங்கிலும் மங்காது. ஜெர்மனியில் 2020 முதல், குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும், சோதித்து அங்கீகரித்த எல்இடி மாற்று பல்புகளை அனுமதிக்கிறார்கள். உங்கள் காரும் விளக்கும் அப்படியொரு அங்கீகாரப் பட்டியலில் இருந்தால் தாராளமாகப் போடலாம். இல்லையென்றால் பல நாடுகளில் அது விதிமீறல். எல்இடிக்கென்றே வடித்த முழு விளக்கு வேறு விஷயம், அங்கே ரிஃப்ளெக்டரும் சில்லும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்தவை.

என் வரிசை

கண்ணாடி மஞ்சள் என்றால் தேய்த்துப் பூச்சு அடிப்பதே முதல் செலவு. கண்ணாடி தெளிவாக இருந்து, பல்பில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணவில்லை என்றால் எர்த்தையும் கப்ளரையும் சுத்தம் செய்து மறுபடி அளந்து பார்ப்பேன். அப்படியும் மீளாவிட்டால் ரிலே. அதன் பிறகுதான் நல்ல 60/55 பல்ப். இந்த வரிசையை மாற்றி, ரிலேக்கு முன்பே விலை கூடின பல்ப் வாங்கினால் அதன் பலனில் பாதி வயரிலேயே தங்கிவிடும். ரசம் போன விளக்குக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது, அங்கே நேராக மாற்றுவதுதான். வீட்டில் செய்யத் தயங்குபவர்கள் ரிலே வேலையைக் கார் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், ஆனால் முன்னும் பின்னும் பல்பில் எத்தனை வோல்ட் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி அதை மறுக்க மாட்டார்.

ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் காரின் முன்கண்ணாடியின் உட்புறத்தையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். உள்ளே படியும் மெல்லிய பசைப் படலம் எதிர்வரும் வெளிச்சத்தைக் கண் முழுக்கப் பரப்பிவிடும். வயதான பிறகுதான் மங்கலாகத் தெரிகிறது என்றால் கண்ணையும் காட்டிக்கொள்வது நல்லது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போகிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு ஃபோகஸ். பல்பைக் கழற்றி மாட்டிய எந்தக் காரிலும் இது தேவை, ஏனென்றால் எச்4 பல்பின் மூன்று காதுகளில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் கற்றை வானத்தைப் பார்க்கும். டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், டிக்கியில் வழக்கமான பாரத்துக்கு மேல் வேண்டாம். சமதளத்தில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி, நேராகக் காரை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டி, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப் ஒட்டுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு கீழ் டேப்பில் உட்கார வேண்டும். அது 1 சதவீதச் சரிவு. சில விளக்குகளின் மேலேயே தேவையான சதவீதம் அச்சிட்டிருக்கும், இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கைத் துணியால் மூடி, மற்றதன் பின்னால் இருக்கும் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். விளிம்பு மெல்ல இறங்கி டேப்பைத் தொடும்போது நிறுத்தி, துணியை அந்தப் பக்கம் மாற்றுங்கள்.